எட்டரை மணிச் சூரியனும் ஒரு வெற்றுப் பௌர்ணமியும்

முதலில் ஒரு திருத்தம். நான் ஓய்வு பெறவில்லை. முப்பத்துநான்கு வயதில் யாரும் ஓய்வு பெறுவதில்லை. ஒரு கண் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைகளுக்கு நாளும் நேரமும் ஒதுக்கும் மேசையிலிருந்து எழுந்து, வேறொரு நிறுவனத்தில் இதைவிடச் சலிப்பான ஒரு மேசைக்குப் போயிருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் பிரிவுபசாரத்தில் எனக்குப் பூங்கொத்தும் சமையல் புத்தகமும் தந்து, "உங்கள் நீண்ட சேவைக்கு நன்றி" என்று வாசித்தார்கள். அதைக் கேட்டதும் எனக்கே வயது போய்விட்டதுபோல இருந்தது. வயது போனவர்கள் செய்வதைச் செய்யலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் இடத்துக்கு வரும் நீங்கள் இருவரும் தமிழ்ப் பிள்ளைகள். ஒருவர் இங்கே ஜெர்மனியிலேயே பிறந்து வளர்ந்தவர், மற்றவர் கோயம்புத்தூரிலிருந்து தாதியாக வந்தவர். மென்பொருளை நீங்கள் ஒரு மாலையில் கற்றுக்கொள்வீர்கள். அதற்குக் கையேடு இருக்கிறது. அதை எழுதியவர் அந்த மென்பொருளைக் கண்ணால் கண்டதில்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுத வந்தது கையேட்டில் இல்லாத ஒன்றைப் பற்றி. வானத்தைப் பற்றி.

சிரிக்க வேண்டாம். சத்திரசிகிச்சைக் கூடத் தொழில்நுட்பத்தில் மூன்று ஆண்டுகள் பயிற்சி பெற்றுவிட்டுத்தான் நானும் இந்த மேசைக்கு வந்தேன். இங்கே ஒரு நாளை நிர்ணயிப்பவை நான்கு: சத்திரசிகிச்சை நிபுணரின் விடுமுறை, மயக்க மருந்து வைத்தியரின் மனநிலை, சூரியன், நிலா. முதல் இரண்டைப் பற்றி மட்டுமே எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்.

சூரியனிலிருந்து தொடங்குகிறேன். என் முதல் ஆண்டு, ஒக்டோபர் மாதக் கடைசிச் சனிக்கிழமை. அன்றிரவு ஜெர்மனி முழுவதும் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னே தள்ளும். பகல் குறுகிவிட்டது என்ற கவலையில் அரசாங்கம் செய்யும் வேலை இது. பூமிக்கு இதைப் பற்றி யாரும் அறிவிக்கவில்லை. மதியம் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர், கண்புரைச் சத்திரசிகிச்சை முடிந்து வீட்டில் இருப்பவர்.

"எனக்கு ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை சொட்டு மருந்து. இன்றிரவு இரண்டரை மணி இரண்டு முறை வருகிறது. நான் எதில் விட வேண்டும்?"

நான் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அட்டவணை போட்டு வைத்திருந்தார். நித்திரை கொள்ளுங்கள், காலையில் விடலாம் என்றேன். "அது என் கேள்விக்குப் பதில் அல்ல" என்றார். கடமையில் இருந்த இளம் வைத்தியரிடம் இணைப்பைக் கொடுத்தேன். அவர் ஒரு காகிதத்தில் வட்டம் வரைந்து, அம்புக்குறி போட்டு, கடைசியில் "முதலாவது இரண்டரையில்" என்று தீர்ப்பளித்தார். பொறியியலாளர் நிம்மதியாக நன்றி சொன்னார்.

அந்தத் திங்கட்கிழமையே எங்கள் ஆட்களில் ஒரு குடும்பம், கடிகாரத்தை மாற்ற மறந்து, சொன்ன நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முந்தி வந்து பூட்டிய கதவின் முன்னே குளிரில் நின்றது. எங்கள் சமூகம் ஒரு காரியத்துக்கு முந்தி வந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

நான் கற்றது: கண்ணுக்குக் கடிகாரம் தெரியாது. கண்ணை வைத்திருக்கும் மனிதருக்குத் தெரியும். கேள்வி கேட்பவரும் அவர்தான், பதிலும் அவருக்குத்தான் போக வேண்டும்.

அடுத்தது கிரகணம். ஒரு பகுதிச் சூரிய கிரகணத்தன்று, எங்கள் தமிழ் நோயாளிகள் மூன்று பேர் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டோம் என்று தங்கள் டெர்மினை, அதாவது ஒதுக்கிய நேரத்தை, இரத்துச் செய்தார்கள். வரவேற்பறையில் இதை வைத்து நல்ல சிரிப்பு. "வீட்டுக்குள் ஒளிந்திருக்கிறார்களாம்!" என்று சிரித்தவர்கள் எல்லாரும் கிரகணம் தொடங்கியதும் வாகனத் தரிப்பிடத்தில் கூடினார்கள். ஒருவர் கையில், ஓட்டைகள் வழியே நிழல் விழுத்திப் பார்க்க, பாஸ்தா வடிக்கும் பாத்திரம். இன்னொருவர் கையில் எங்கிருந்தோ வந்த பழைய ஒளிப்படச் சுருள். கண் வைத்தியத்தில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த ஒரு வைத்தியர், நான் மீண்டும் சொல்கிறேன், கண் வைத்தியர், ஒரு சீடி இசைத்தட்டின் வழியாகச் சூரியனைப் பார்த்தார். அடுத்த நாள் எங்களிடமே நோயாளியாகப் பதிந்தார். பார்வையின் நடுவில் ஒரு மங்கல். சில மாதங்களில் சரியாகிவிட்டது. இப்போது நல்ல வைத்தியர். அவர் முன்னால் இசைத்தட்டு என்ற சொல்லைப் பாவிக்காதீர்கள்.

அன்று கண்ணுக்கு ஒரு ஆபத்தையும் தேடாமல் இருந்தவர்கள் திரைச்சீலையை இழுத்துவிட்டு வீட்டுக்குள் இருந்த அந்த மூன்று பேரும்தான். அவர்கள் சொன்ன காரணம் பிழை. செய்த காரியம் சரி. இந்த மேசையில் நீங்கள் காரணங்களுக்கு நேரம் ஒதுக்குவதில்லை, காரியங்களுக்குத்தான் ஒதுக்குகிறீர்கள்.

இனி நிலா. இதில் நாங்கள் தனியாக இல்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இந்த நாட்டில் வளர்பிறையில் தலைமயிர் வெட்டினால் அடர்த்தியாக வளரும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். தேய்பிறையில் வெட்டிய மரத்தில் செய்த கட்டிலைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த நாளில் கிழங்கு நடலாம், எந்த நாளில் யன்னல் துடைக்கலாம் என்று சொல்லும் நிலாக்காலண்டர் புத்தகக் கடையில் கணக்குப் பதிவு நூல்களுக்குப் பக்கத்தில் மரியாதையாக அடுக்கப்பட்டிருக்கும். அதே காலண்டர் சொல்கிறது: பௌர்ணமியில் கத்தி வைத்தால் இரத்தம் கூடுதலாகப் போகும்.

எங்கள் பேராசிரியர் விழித்திரைச் சத்திரசிகிச்சையில் பெயர் எடுத்தவர். கை அற்புதமான கை. வாய் வேறு விதம். வெளிநாட்டு நோயாளி ஒருவர் நாள் மாற்றக் கேட்டால், "மூடநம்பிக்கைக்கு என்னிடம் கட்டில் இல்லை" என்பார். நான் இந்த மேசைக்கு வந்த முதல் வாரம், அவருடைய செயலாளர் என்னிடம் ஆண்டுத் திட்டத்தைக் கொடுத்தபோது, ஒவ்வொரு மாதமும் ஒரு காலை சாம்பல் நிறத்தில் மூடப்பட்டிருந்தது.

"இது என்ன நாள்?" என்று கேட்டேன்.

"பௌர்ணமி" என்றார் செயலாளர், திங்கட்கிழமை என்பதுபோல.

"அன்று என்ன?"

"பேராசிரியரின் தனியார் காப்புறுதி நோயாளிகள் விரும்புவதில்லை. ஒதுக்கினாலும் கடைசி நேரத்தில் இரத்துச் செய்வார்கள். அதனால் அந்தக் காலை வெற்றாகவே இருக்கட்டும் என்று அவரே சொல்லிவிட்டார். அவர் கட்டுரை எழுதுவார்."

அந்தக் கட்டுரைகளை நான் பார்த்ததில்லை. பார்த்தவரையும் பார்த்ததில்லை. தனியார் காப்புறுதி உள்ளவரின் நிலா ஒரு விருப்பம், மற்றவரின் நிலா ஒரு மூடநம்பிக்கை என்று அன்றைக்கே விளங்கிக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை. புதிதாக வந்தவள் திறக்கவும் கூடாது. ஆனால் எந்தெந்த நாள் சாம்பல் நிறம் என்பதை மட்டும் மனப்பாடமாக வைத்திருந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு டிசம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை. அன்று எனக்குக் கடமை. பின்னேரம் பக்கத்து நகரமான வுப்பர்டாலிலிருந்து ஒரு தம்பதியர் அவசரப் பிரிவுக்கு வந்தார்கள். சிவநேசன் அண்ணைக்கு ஐம்பத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். இருபத்தைந்து வருடமாக நகர பஸ் சாரதி. மனைவி மலர் அக்கா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர், ஜெர்மன் மொழியில் வைத்தியரையே திருத்தக்கூடியவர். அண்ணையின் இடது கண்ணில் காலையிலிருந்து கறுப்புத் திரை ஒன்று ஓரத்திலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. விழித்திரை கழன்றுகொண்டிருந்தது. பார்வையின் மையப் புள்ளி இன்னும் கழலவில்லை. அது கழலுமுன் செய்தால் கண் தப்பும். கழன்ற பிறகு செய்தால் கண் இருக்கும், பஸ் ஓட்டும் பார்வை இருக்காது. சாரதி அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும் கண் பரிசோதனை அவருக்கு அடுத்த ஆண்டு காத்திருந்தது.

திங்கள் காலை ஏழரை மணிக்கு முதல் ஆளாகப் போட்டேன். பேராசிரியர் அன்று பதினொரு மணிக்கு மாநாடு ஒன்றுக்குப் புறப்படுகிறவர். அதற்குப் பிறகு புதன்கிழமைதான். வேறு வழியே இல்லை.

சம்மதப் படிவத்தை நீட்டினேன். அண்ணை பேனாவை எடுத்தார். அக்கா அவருடைய கையைப் பிடித்தார்.

"பொறுங்கோ. இப்ப அஞ்சு மணி. ஞாயிற்றுக்கிழமை நாலரையிலயிருந்து ஆறு ராகுகாலம். இப்ப கையெழுத்து வைக்கக்கூடாது."

"மலர், கண் போகுது" என்றார் அண்ணை.

"ஆறு மணிக்கு வைச்சாலும் அதே கண்தான்."

நான் யன்னலைக் காட்டினேன். வெளியே தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. "அக்கா, ராகுகாலம் பகலைப் பிரிச்சு வாறது எல்லோ? ஞாயிற்றுக்கிழமை பகலின்ர கடைசித் துண்டு. இஞ்ச பகல் நாலரைக்கே முடிஞ்சுது. சூரியன் விழுந்தால் ராகுவும் வீட்டை போயிடுவார்."

அக்கா இருட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கையெழுத்தை வையுங்கோ" என்றார்.

நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த கேள்வி வந்தது.

"நாளைக்கு எத்தனை மணிக்கு?"

"ஏழரைக்கு."

"ஐயோ பிள்ளை! திங்கட்கிழமை ஏழரை ஒன்பது ராகுகாலம். குழந்தைப் பிள்ளைக்கும் தெரியும். செவ்வாய்க்கிழமை வைக்க ஏலாதோ?" உடனே அவரே தலையை ஆட்டினார். "இல்லை, செவ்வாயில ஆரும் கத்தி வைப்பினமோ? புதன்கிழமை."

"புதன்கிழமை எனக்குக் கண் இராது" என்றார் அண்ணை. "நல்ல நேரம் மட்டும்தான் இருக்கும்."

இந்த இடத்தில் உங்களில் எவருக்கும் விஞ்ஞானம் பேச ஆசை வரும். வேண்டாம். ஒரு பெண் தன் புருசனின் கண்ணுக்காகப் பயந்துகொண்டு நிற்கும்போது, உங்கள் விஞ்ஞானம் அவருக்கு ஒரு இளம்பெண்ணின் திமிராகத்தான் கேட்கும். நான் ஒரு காகிதத்தை எடுத்து அவருடைய வானத்துக்குள்ளேயே நுழைந்தேன்.

"அக்கா, உங்கட குசினியில தொங்கிற கடைக் காலண்டர் தானே சொல்லுது ஏழரை ஒன்பது எண்டு? அது ஆறு மணிக்குச் சூரியன் எழும்பிற ஊருக்கு. அங்க பூமி கிட்டத்தட்ட நேராய் நிக்கிறமாதிரி, பகலும் இரவும் எப்பவும் ஏறக்குறையச் சமன். இஞ்ச பூமி சாய்ஞ்சுபோய் நிக்குது. நாளைக்குச் சூரியன் எழும்ப எட்டரை. விழ நாலரை. இடையில எட்டு மணித்தியாலம். அதை எட்டாய்ப் பிரிச்சால் ஒரு துண்டு ஒரு மணித்தியாலம். திங்கட்கிழமை இரண்டாவது துண்டு. எண்ணிப் பாருங்கோ."

அக்கா விரலை மடக்கினார். "எட்டரை… ஒன்பதரை… ஒன்பதரையிலயிருந்து பத்தரை."

"ஏழரைக்குச் சூரியனே எழும்பாது. அதுக்கு முதல் ராகு எப்பிடி எழும்புவார்?"

அண்ணை சிரிப்பை அடக்க இருமினார். அக்கா தொலைபேசியை எடுத்து, தாங்கள் போகும் கோயிலின் ஐயரிடம் கேட்டார். ஐயர் அலுப்புடன், "ஓம், இருக்கிற ஊரின்ர சூரிய உதயத்தைத்தான் பாக்கவேணும், இதைத்தானே நான் வருசக்கணக்காய்ச் சொல்லுறன், ஆர் கேக்கினம்?" என்றது எனக்கே கேட்டது.

அக்கா தொலைபேசியை வைத்தார். முகத்தில் பயம் போய் வேறொன்று வந்தது.

"அப்ப முப்பது வருசமா?"

"என்ன அக்கா?"

"முப்பது வருசமா வெளிநாட்டவர் அலுவலகத்தில திங்கட்கிழமை காலைமை டெர்மின் தந்தால் மாத்திப்போடுவன். ஒவ்வொரு முறையும் ஒன்பதுக்குப் பிறகு தரச்சொல்லிக் கெஞ்சுவன்."

"எத்தனை மணிக்குப் போவியள்?"

"ஒன்பதேமுக்காலுக்கு."

"அதுதான் எனக்கு விசா தர உவ்வளவு காலம் இழுத்தவங்கள்!" என்றார் அண்ணை. அவருக்கு ஒரு கண் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் அந்தச் சந்தர்ப்பத்தை அவர் விடவில்லை.

திங்கள் காலை ஆறரைக்கே வந்துவிட்டார்கள். ஏழு மணிக்குத் தாதி அண்ணையின் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை விட்டார். எல்லாம் ஒழுங்கு. ஏழு இருபதுக்கு அவசரக் கதவு திறந்தது. கட்டட வேலையில் கண்ணில் இரும்புத்துண்டு பாய்ந்த ஒரு இளைஞர். திறந்த காயம். யார் முதலில் என்று கேட்கத் தேவையில்லாத நிலை. இருந்தது ஒரே கூடம். அண்ணையின் கட்டிலைத் தள்ளிக்கொண்டு திரும்ப வந்தோம்.

அந்தக் கண்ணைத் தைத்து முடிக்க ஒன்பதேகால். கூடத்தைச் சுத்தம் செய்ய இருபது நிமிடம். நீங்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள். நான் அதற்குள் கூட்டிப் பார்த்துவிட்டேன். ஒன்பது முப்பத்தைந்து. நான் என் கையால் எழுதிக் கொடுத்த ராகுகாலத்தின் வாசலில் அண்ணையைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன்.

கடைக் காலண்டர்படியே விட்டிருந்தால் ஒன்பது மணிக்குப் பிறகு எல்லாம் நல்ல நேரம். அறிவைக் கொடுத்துக் கெடுத்தவள் நான்தான்.

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பிள்ளை, நீதானே சொன்னனி" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன்.

என் முன்னால் இருந்த வழிகளை நான் வழக்கம்போல வரிசைப்படுத்தினேன். பத்தரை வரை காத்திருப்பது: பேராசிரியர் பாதியில் விட்டுவிட்டு மாநாட்டுக்குப் போகமாட்டார், ஆகவே தொடங்கவேமாட்டார். நேற்றுச் சொன்னது பிழை என்று சொல்வது: பொய், அத்துடன் ஐயரும் சாட்சி. இதெல்லாம் கட்டுக்கதை என்று சொல்வது: நேற்று எனக்கு வசதியாக இருந்தபோது அது கட்டுக்கதையாக இருக்கவில்லையே. ஒன்றும் சரிவரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பட்டியல் என்னைக் கைவிட்டது.

அப்போது அண்ணை, விரிந்த கண்மணியோடு மேற்கூரையைப் பார்த்துப் படுத்துக்கொண்டே கேட்டார்.

"மலர், என்ர டியூட்டி எப்ப தொடங்கும்?"

"இப்ப ஏன் டியூட்டி?"

"சொல்லுமன். முதல் ஆள் பஸ்ஸில ஏறேக்கையோ?"

"இல்லை. டிப்போவில."

"டிப்போவில என்னத்தோட?"

"பஸ்ஸின்ர திறப்பு வாங்கேக்கை." அக்காவுக்கு எரிச்சல். "அதுக்கும் இதுக்கும் என்ன?"

"எனக்கு ஏழு மணிக்குக் கண்ணில மருந்து விட்டவை. அதுதான் திறப்பு. பஸ் இப்ப டிராபிக்கில நிக்குது, அவ்வளவுதான். தொடங்கின ஓட்டத்துக்கு ராகு ஒண்டும் செய்யமாட்டார்."

அக்கா யோசித்தார். நல்ல நேரத்தில் தொடங்கிவைத்துவிட்டால் பிறகு நடப்பதற்குக் குற்றமில்லை என்பது எங்கள் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த ஏற்பாடு. பயணத்துக்கு நேரம் சரியில்லை என்றால், பெட்டியை முன்கூட்டியே நல்ல நேரத்தில் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைக்கிறவர்கள் நாங்கள். ஆனால் அக்கா முதியோர் இல்லத்தில் இருபது வருடம் ஜெர்மானியரோடு வேலை செய்தவர். அவருக்கு உறுதிப்படுத்தல் வேண்டும்.

"பெரிய டொக்டர் வந்து சொல்லட்டும்" என்றார். "ஒப்பிறேசன் ஏழு மணிக்குத் தொடங்கினது எண்டு அவற்ற வாயால சொல்லட்டும்."

நான் கூடத்துக்குள் போனேன். பேராசிரியர் கை கழுவிக்கொண்டிருந்தார். ராகு என்ற பாம்பு உட்பட, விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். நீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"உங்கள் பாம்பு எத்தனை மணிக்குச் சாப்பிட்டு முடிக்கும்?" என்று கேட்டார்.

"பத்தரைக்கு."

"நல்லது. நான் ஒரு விஞ்ஞானி. பாம்புக்குச் சாட்சி சொல்வது என் வேலை அல்ல. அவருக்கு வேண்டாம் என்றால் வேண்டாம். எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்."

மயக்க மருந்து வைத்தியர் முகமூடிக்கு மேலே என்னைப் பார்த்தார். தாதிகள் எதையும் பார்க்கவில்லை. எனக்குக் குரலை உயர்த்தத் தெரியாது. அதனால் திட்டத்தை வாசிக்கும் அதே குரலில் சொன்னேன்.

"பேராசிரியர், நான் ஒவ்வொரு மாதமும் ஒரு முழுக் காலையை நிலாவுக்காக வெற்றாக வைத்திருக்கிறேன். கூடம், தாதிகள், மயக்க மருந்து, எல்லாம் சும்மா. உங்கள் தனியார் நோயாளிகள் கேட்டார்கள், நீங்கள் சம்மதித்தீர்கள். இவர் காலையைக் கேட்கவில்லை. ஒரு வாக்கியம் கேட்கிறார். அதுவும் உண்மையான வாக்கியம். சொட்டு மருந்து விட்ட நேரம் பதிவில் இருக்கிறது."

நீர் நின்றது. அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. என் வேலையைப் பற்றி நினைத்தேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில் நான் கடிகாரத்தைப் பற்றித்தான் நினைத்தேன். ஒன்பது இருபத்தாறு.

அவர் கழுவிய கைகளை முன்னே தூக்கிப் பிடித்தபடி, முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். அக்காவின் முன்னால் நின்றார். பார்க்க, ஏதோ ஒரு கோயிலில் கும்பிடப் போகிறவர்போல இருந்தது.

"அம்மணி, உங்கள் கணவரின் சத்திரசிகிச்சை ஏழு மணிக்கே தொடங்கிவிட்டது. நான் அதைத் தொடர்கிறேன்."

"ஏழு மணிக்கா?" என்று அக்கா ஜெர்மனில் கேட்டார்.

"சரியாக ஏழுக்கு."

"அப்படியென்றால் ஏன் இங்கே நிற்கிறீர்கள்?" என்றார் அக்கா. "போய் வேலையைப் பாருங்கள்."

அந்த வைத்தியசாலையில் அவரிடம் அப்படிப் பேசியவர் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மையப் புள்ளி தப்பியது. விழித்திரையை ஒட்டவைக்கக் கண்ணுக்குள் வாயு ஏற்றியிருந்ததால் அண்ணை ஒரு கிழமை முகத்தைக் கீழே கவிழ்த்தே இருக்க வேண்டியிருந்தது. சாப்பிடும்போதும், படுக்கும்போதும், தொலைக்காட்சி பார்க்கும்போதும் நிலத்தையே பார்க்க வேண்டும். பரிசோதனைக்கு வந்தபோது எப்படி என்று கேட்டேன். "நல்ல நிம்மதி பிள்ளை. வானத்தில என்ன நடக்குது எண்டு ஒரு கிழமையா எனக்குத் தெரியாது" என்றார். அக்கா அவருடைய தோளில் தட்டினார், கொஞ்சம் பலமாக.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். நல்லவர்கள் வெல்லும் கதைகள் திட்டமிடலுக்கு உதவாது.

இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு பலருக்குக் கண்புரை வேகமாக வளரும். அண்ணைக்கும் வளர்ந்தது. தப்பவைத்த கண்ணின் முன்னால் அடுத்த ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு பனிக்கண்ணாடி. பார்வை எல்லைக்குக் கீழே போனது. அனுமதிப்பத்திரப் பரிசோதனைக்கு ஏழு வாரம் இருந்தது. எங்கள் அடுத்த வெற்று இடம் நான்கு மாதத்துக்குப் பிறகு. அவருடைய முதலாளி, பரிசோதனையில் தவறினால் டிப்போவில் பஸ் கழுவும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார், பெருந்தன்மையாக.

"வேறை இடம் பாக்கட்டோ?" என்று அக்கா தொலைபேசியில் கேட்டார். எல்லா இடத்திலும் இதே வரிசைதான் என்று அவருக்கும் தெரியும். "எந்த நாளெண்டாலும் பரவாயில்லை பிள்ளை. செவ்வாய் எண்டாலும் சரி." அந்தச் செவ்வாயைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்பது உங்களில் கோயம்புத்தூரிலிருந்து வந்தவருக்கு நன்றாக விளங்கும்.

நான் திட்டத்தைத் திறந்தேன். எல்லா நாளும் நிரம்பி வழிந்தது. ஒரு காலை மட்டும் சாம்பல் நிறத்தில் சும்மா கிடந்தது.

"அக்கா, அடுத்த வியாழக்கிழமை ஒரு நாள் இருக்கு. ஆனால் அண்டைக்குப் பௌர்ணமி."

மறுமுனையில் காலண்டர் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"பௌர்ணமியோ? வியாழக்கிழமையும் பௌர்ணமியுமோ?" குரல் ஏறிக்கொண்டே போனது. "அதைவிட நல்ல நாள் ஆருக்குக் கிடைக்கும்? ஊரில எண்டால் போயா, அரசாங்கமே லீவு விடும். உந்த நாளை ஏன் ஒருதரும் எடுக்கேல்லை?"

"இஞ்ச பயம் அக்கா. நிலாவுக்கு."

"ஆருக்குப் பயம்?"

"படிச்ச ஆட்களுக்கு."

அக்கா சிரித்த சிரிப்பில் நான் தொலைபேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.

பேராசிரியரிடம் அனுமதி கேட்டேன். அவர் சாம்பல் நாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "கட்டுரை?" என்றார். "காத்திருக்கும்" என்றேன். காத்திருந்து அதற்கு நல்ல பழக்கம் என்பதை நான் சொல்லவில்லை. அந்த வியாழன் காலை அவர் அண்ணையோடு சேர்த்து ஆறு கண்புரை செய்தார். மற்ற ஐந்து பேரும் வரிசையில் பின்னால் நின்ற எங்கள் ஆட்கள். நான் கூப்பிட்டு நாளைச் சொன்னதும் ஒருவர்கூட "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லவில்லை. வழமையைவிட ஒரு துளி இரத்தம் கூடுதலாகப் போகவில்லை. பேராசிரியர் அதைக் கவனித்தார். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அதன் பிறகு இது ஒரு ஒழுங்காகிவிட்டது. பௌர்ணமிக் காலை எங்களுக்கு. தேய்பிறை நாட்கள் நிலாக்காலண்டர் வாசிக்கும் தனியார் நோயாளிகளுக்கு, அவர்களுக்கு அதுதான் கத்திக்கு உகந்த காலமாம். அமாவாசையில் எங்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள், தனியார் நோயாளிகளுக்கு அன்று ஒன்றும் பிரச்சினையில்லை. இரண்டு மூடநம்பிக்கைகளும் ஒன்றையொன்று தொடாமல் ஒரே நிலாவின் கீழே சுற்றுகின்றன. காத்திருக்கும் வரிசை குறைந்தது. நிர்வாகம் இதை "திறமையான வளப் பயன்பாடு" என்று பாராட்டி ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. காரணத்தைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

திட்டத்தில் அந்தக் காலை இன்னமும் சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். நிறத்தை மாற்றாதீர்கள். மாற்றினால் வேறு யாராவது வந்து நிரப்பிவிடுவார்கள்.

அண்ணை கண் பரிசோதனையில் தேறினார். வுப்பர்டாலில் இருக்கும் என் புது வேலைக்கு நான் போவது இப்போது அவருடைய பஸ்ஸில்தான். திங்கட்கிழமை ஒன்பதே முக்காலுக்கு எங்கள் தரிப்பிடத்துக்கு வர வேண்டும். நல்ல ராகுகாலத்தில், இரண்டு கண்ணும் தெளிவாகத் தெரிய, பத்து நிமிடம் பிந்தி வருகிறார்.

"அண்ணை, இண்டைக்கும் லேட்" என்றேன் போன கிழமை.

"ஆர் சொன்னது?" என்றார், கதவை மூடியபடி. "நான் ஆறு மணிக்கே தொடங்கீட்டன்."